அறுபதைத் தாண்டியவர்கள் பல் காப்புறுதி எடுக்கும் முன்

மாதம் 42 வெள்ளி, அதாவது மலேசிய ரிங்கிட். போன வருஷம் மார்ச்சில் நான் எடுத்த பல் காப்புறுதியின் சந்தா அவ்வளவுதான். ஜூலையில் முறுக்கு கடித்தபோது கீழ் வலது கடைவாய்ப்பல் ஓரம் உடைந்து, நரம்பு வரை போய்விட்டது. வேர் சிகிச்சைக்கு 950. அதோடு, இடது பக்கம் முன்பே விழுந்திருந்த இரண்டு பல்லுக்குச் சேர்த்துக் கழற்றி மாட்டும் செட்டு ஒன்று, 600. மொத்தம் 1,550 வெள்ளிக்கு ரசீது வைத்து கிளேய்ம் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து வங்கிக் கணக்கில் 40 வெள்ளி விழுந்தது. பரிசோதனைக் கட்டணமாம்.

கோபத்தில் பாலிசியை எடுத்து வரி வரியாகப் படித்தேன். அவர்கள் செய்தது சரிதான். வேர் சிகிச்சைக்கு 12 மாதக் காத்திருப்பு என்று எழுதியிருந்தது. திட்டம் தொடங்கும் முன்பே இல்லாத பல்லுக்குச் செட்டு கிடையாது என்றும் எழுதியிருந்தது. நான்தான் படிக்கவில்லை. “பல்லு சம்பந்தப்பட்டது எல்லாம் கவர் ஆகும் அங்கிள்” என்று ஏஜெண்ட் தம்பி சொன்னதைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பினாங்கு மாநிலத்தில் எங்கள் பக்கம், பட்டர்வொர்த்திலும் பிறையிலும், என் வயதுக்காரர்கள் பலர் இதே கேள்வியோடு வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கீழே நான் சொல்லும் சந்தா, வரம்பு, சிகிச்சைக் கட்டணம் எல்லாம் நான் விசாரித்த திட்டங்களிலும் கிளினிக்குகளிலும் பார்த்தவை. உங்களுக்குச் சொல்லும் தொகை கொஞ்சம் மாறலாம்.

1. முதலில் உங்கள் வாயைக் கணக்கெடுங்கள்

திட்டத்தைத் தேடும் முன் பல் டாக்டரிடம் ஒருமுறை போய் உட்காருங்கள். முழுப் பரிசோதனையும், வாய் முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரேயும் கேளுங்கள். நான் போன இடத்தில் இரண்டுக்கும் சேர்த்து 150 வெள்ளி. இந்தக் காசு வீண் போகாது.

பல் டாக்டர்கள் ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு இலக்க எண் வைத்திருக்கிறார்கள். முதல் இலக்கம் வாயின் எந்தப் பகுதி என்பதைச் சொல்லும்: 1 மேல் வலது, 2 மேல் இடது, 3 கீழ் இடது, 4 கீழ் வலது. இரண்டாவது இலக்கம் நடுவிலிருந்து எண்ணினால் எத்தனையாவது பல் என்பது. எனக்கு உடைந்தது 46, அதாவது கீழ் வலது ஆறாவது பல். விழுந்திருந்தவை 35, 36. ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டு, கட்டத்துக்கு எட்டாக 32 எண்களையும் எழுதி, இல்லாத பல்லை அடித்துவிடுங்கள். அடைத்ததற்கு ஒரு புள்ளி, வேர் சிகிச்சை செய்ததற்கு ஒரு வட்டம், ஆடுவதற்கு ஒரு கோடு. நர்சிடம் கேட்டால் அவரே சொல்லிக்கொண்டு வருவார், நீங்கள் குறித்தால் போதும்.

பிறகு டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: “இன்னும் இரண்டு வருஷத்தில் எனக்கு என்னென்ன செய்ய வேண்டி வரும், எவ்வளவு ஆகும்?” என் பட்டியல் இப்படி வந்தது: வருஷம் இரண்டு முறை பல் சுத்தம், ஒன்றிரண்டு அடைப்பு, 46க்கு வேர் சிகிச்சையும் அதன்மேல் கிரவுன் என்னும் உறையும், இடது பக்கம் செட்டு. இந்தத் தாளை வைத்துக்கொண்டு திட்டங்களைப் பார்த்திருந்தால் அந்த 42 வெள்ளித் திட்டத்தை நான் தொட்டிருக்கவே மாட்டேன்.

ஒரு முக்கியமான விஷயம். தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் கையோடு கொண்டுபோங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும், எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு அலென்ட்ரோனேட் மாத்திரை போடுபவர்களும் பல் பிடுங்கும் முன் டாக்டரிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். முதலாவதில் இரத்தம் நிற்கத் தாமதமாகும். இரண்டாவதில் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. இனிப்பு நீர் (நீரிழிவு) இருந்தால் ஈறு சீக்கிரம் கெடும், அதையும் சொல்லிவிடுங்கள். சில இரத்த அழுத்த மாத்திரைகள் வாயை வறட்சியாக்கும். எச்சில் குறைந்தால் வேர்ப் பக்கத்தில் சொத்தை வரும். இதெல்லாம் உங்களுக்கு இனி எவ்வளவு செலவு வரும் என்பதையும் மாற்றும்.

2. கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

பலர் இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேரே ஏஜெண்டிடம் போகிறார்கள்.

மருத்துவக் காப்புறுதி அட்டை (மெடிக்கல் கார்டு) வைத்திருப்பவர்கள் அதில் பல்லும் சேரும் என்று நினைக்கிறார்கள். சேராது. மெடிக்கல் கார்டு பாலிசிகளில் ‘விதிவிலக்குகள்’ என்ற பகுதியில் பல் சிகிச்சை இருக்கும். விபத்தில் அடிபட்ட பல்லுக்கு மட்டும் பணம் தருவார்கள். அங்கேயும் ஒரு சொல் காத்திருக்கிறது: பழுதில்லாத இயற்கைப் பல்லாக இருக்க வேண்டும். என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டார். அன்றைக்கே கிளினிக்கில் காட்டினோம், ரசீதும் அனுப்பினோம். ஆனால் அந்தப் பல்லுக்குப் பத்து வருஷத்துக்கு முன்பே வேர் சிகிச்சை செய்து கிரவுன் போட்டிருந்தது. இயற்கைப் பல் கணக்கில் வரவில்லை, கிளேய்ம் திரும்பி வந்தது. உங்கள் அட்டையில் எத்தனை மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பதையும் பாருங்கள். எங்கள் அட்டையில் 24 மணி நேரம்.

பிள்ளைகள் வேலை செய்யும் கம்பெனியில் பல் சலுகை இருக்கலாம். வழக்கமாக அது ஊழியர், மனைவி, பிள்ளைகள் என்று நிற்கும். சில இடங்களில் கூடுதல் சந்தா கட்டிப் பெற்றோரையும் சேர்க்க விடுகிறார்கள். மனிதவளப் பிரிவில் ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம், கேட்பதற்குக் காசு இல்லை.

அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் ஓய்வூதிய அட்டையோடு அரசாங்கப் பல் கிளினிக்குக்குப் போகலாம். இவர்களில் பெரும்பாலோருக்குத் தனியார் பல் காப்புறுதி தேவையில்லை என்பது என் கணிப்பு.

குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசாங்கத்தின் பெக்கா பி40 சுகாதாரத் திட்டத்தில் பல் சிகிச்சை இல்லை. பலர் கேட்பதால் சொல்கிறேன். 40 வயதுக்கு மேல், அரசாங்கத்தின் எஸ்டிஆர் உதவித்தொகை பெறுபவர்களுக்கும் அவர்களின் துணைக்கும் சுகாதாரப் பரிசோதனை, மருத்துவக் கருவிக்கு உதவி, புற்றுநோய்ச் சிகிச்சைக்கு ஊக்கத்தொகை, போக்குவரத்துச் செலவு ஆகியவைதான் அதில். ஊழியர் சேமநிதியின் (இபிஎப்) ஐ-லிண்டுங் திட்டம் வழியாகப் பணம் எடுத்து வாங்கக்கூடியது ஆயுள் காப்புறுதியும் கொடிய நோய்க் காப்புறுதியும். அதிலும் பல் இல்லை.

3. அரசாங்கக் கிளினிக்கின் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள்

காப்புறுதிக் கட்டுரையில் இது எதற்கு என்று கேட்பீர்கள். இங்கே கிடைப்பதை வைத்துத்தான் காப்புறுதிக்கு எவ்வளவு கொடுப்பது தகும் என்று தெரியும்.

60 வயதைத் தாண்டிய குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் வெளிநோயாளி பதிவுக் கட்டணம் இல்லை. அடையாள அட்டை போதும். பிடுங்குவது, அடைப்பது, சுத்தம் செய்வது போன்றவற்றுக்குத் தனியாரோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பத் தொகைதான். செட்டுக்குக் கட்டணம் உண்டு, ஆனால் தனியாரில் கேட்பதில் ஒரு சிறு பங்குதான். கவுண்டரில் கேட்டால் தொகையைச் சொல்வார்கள்.

பணம் மிச்சமாகும், பொறுமைதான் செலவாகும். மைசெஜாத்ரா என்ற அரசாங்கச் சுகாதாரச் செயலியில் பல் கிளினிக்குக்கு முன்பதிவு செய்யலாம். எனக்குக் கிடைத்த தேதி ஐந்து வாரம் தள்ளி. பல் வலி என்றால் முன்பதிவு வேண்டாம், காலையில் கதவு திறக்கும்போதே போய் நிற்க வேண்டும். நான் ஏழரைக்குப் போனபோது முன்னால் ஒன்பது பேர். நர்ஸ் “பக்சிக், வலி எத்தனை நாளா?” என்று மலாயில் கேட்டுவிட்டு வரிசையில் என்னைக் கொஞ்சம் முன்னால் தள்ளினார், முதியவர்களுக்கு அந்தச் சலுகை உண்டு. செட்டுக்கான காத்திருப்போ மாதக்கணக்கில். அளவெடுப்பது, கடித்துப் பார்ப்பது, மாட்டுவது என்று நாலைந்து முறை போகவும் வேண்டும்.

இடையில் ஒரு வழி உண்டு. பல் மருத்துவக் கல்லூரிகளில் மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் சிகிச்சை செய்வார்கள். எங்கள் பக்கம் பட்டர்வொர்த்தில் பினாங்கு அனைத்துலகப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கோலாலம்பூர்க்காரர்களுக்கு மலாயாப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவப் புலமும், ஜாலான் ராஜா மூடாவில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் (யுகேஎம்) பல் மருத்துவப் புலமும் உண்டு. ஒரு அடைப்புக்கு இரண்டு மணி நேரம் வாயைத் திறந்துகொண்டு உட்காரத் தயாராக இருங்கள். மாணவி ஒவ்வொரு படியிலும் பேராசிரியரைக் கூப்பிட்டுக் காட்டுவார். என் மனைவிக்கு அது பிடித்திருந்தது, “இவ்வளவு கவனமா எந்த டாக்டர் பார்த்தாங்க?” என்றார்.

4. விற்கப்படுவது காப்புறுதிதானா என்று கேளுங்கள்

மலேசியாவில் பல்லுக்கு மட்டும் தனியாக விற்கும் காப்புறுதி குறைவு. தனியாள் எடுக்கக்கூடியதும், அறுபது தாண்டியவரைச் சேர்த்துக்கொள்வதும் இன்னும் குறைவு. அந்த இடைவெளியில் வேறு பொருள்கள் புகுந்துவிட்டன. எனக்கு ‘பல் காப்புறுதி’ என்று காட்டப்பட்ட ஐந்தில் இரண்டு காப்புறுதியே இல்லை.

ஒன்று தள்ளுபடி அட்டை. வருஷம் 200 வெள்ளி கட்டினால் சேர்ந்த கிளினிக்குகளில் 15, 20 சதவீதம் கழிவு. கிளினிக் முதலில் விலையை ஏற்றிவிட்டுக் கழித்தால் உங்களுக்குத் தெரியப் போவதில்லை. இன்னொன்று ஒரு கிளினிக் குழுமத்தின் உறுப்பினர் திட்டம். சுத்தம், பரிசோதனை இலவசம் என்று முன்பணம் வாங்குகிறார்கள். கிளினிக் மூடினால் பணம் போச்சு.

இரண்டுமே கெட்டவை என்று சொல்லவில்லை. ஆனால் அவை மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் கண்காணிப்பில் வருபவை அல்ல, தகராறு வந்தால் காப்புறுதிப் புகார்களை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனிடம் போக முடியாது. பேங்க் நெகாரா இணையத்தளத்தில் உரிமம் பெற்ற காப்புறுதி, தக்காஃபுல் (இஸ்லாமிய முறைக் காப்புறுதி) நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. உங்கள் ஆவணத்தின் அடியில் இருக்கும் நிறுவனப் பெயரை அதில் தேடுங்கள். பெயர் இல்லையென்றால் நீங்கள் வாங்குவது வேறு ஏதோ.

5. விளக்கத் தாளைக் கையில் வாங்கி ஆறு இடங்களைத் தேடுங்கள்

கையெழுத்துப் போடும் முன் ‘புரோடக்ட் டிஸ்க்ளோஷர் ஷீட்’ கேளுங்கள். அதைக் கொடுப்பது அவர்கள் கடமை. சில பக்கத் தாள்தான். மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும், பேரப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள். விளம்பரத் துண்டுச்சீட்டைப் படித்து முடிவெடுக்காதீர்கள்.

வயது: சேரும் வயது வரம்பு ஒன்று, புதுப்பிக்கும் வயது வரம்பு இன்னொன்று. நான் பார்த்த மூன்றில் ஒன்று 60க்கு மேல் புதியவரைச் சேர்ப்பதில்லை. ஒன்று 65 வரை சேர்க்கும், 70இல் நிறுத்திவிடும். பல் அதிகமாகத் தொல்லை கொடுக்கும் வயதில் திட்டம் நின்றால் என்ன பயன்?

காத்திருப்புக் காலம்: சுத்தம், பரிசோதனைக்கு ஒரு மாதம், அடைப்புக்கு மூன்று மாதம், வேர் சிகிச்சை, கிரவுன், செட்டுக்கு ஒரு வருஷம் என்று படிப்படியாக இருக்கும். நான் விழுந்த குழி இது.

இல்லாத பல்: திட்டம் தொடங்கும் முன்பே விழுந்த பல்லுக்கு மாற்று கிடையாது என்ற வரி. நம் வயதில் ஒரு பல்லாவது போகாதவர் யார்? செட்டுக்காகவே திட்டம் எடுக்க நினைப்பவர்கள் இந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

ஒவ்வொன்றுக்கும் உச்சவரம்பு: ‘வருஷத்துக்கு 1,000 வெள்ளி’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். உள்ளே சுத்தத்துக்கு 80, அடைப்புக்கு 80, பிடுங்க 100, வேர் சிகிச்சைக்குச் செலவில் பாதி என்று சிறிய எழுத்தில் இருக்கும். அந்த 1,000த்தை ஒரே தடவையில் எடுக்க வழியே இருக்காது.

பேனல் கிளினிக்: எந்த டாக்டரிடமும் போகலாமா, அவர்கள் பட்டியலில் உள்ளவரிடம் மட்டுமா? என் திட்டத்தில் பினாங்கு மாநிலத்துக்கு 11 கிளினிக், அதில் 9 தீவில். ஒரு சுத்தம் செய்ய பாலம் தாண்டிப் போய், ஜார்ஜ்டவுனில் பார்க்கிங் தேடி, அரைநாள் போய்விடும். மூட்டு வலிக்காரர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சந்தா ஏறும் விதம்: 65 வயதில் ஒரு படி, 70இல் ஒரு படி. இப்போதைய சந்தாவை மட்டும் சொல்வார்கள், அடுத்த படியை நீங்கள்தான் கேட்க வேண்டும்.

6. கால்குலேட்டரை எடுங்கள்

முதல் படியில் எழுதிய பட்டியலையும் இந்த வரம்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். என் கணக்கைக் காட்டுகிறேன்.

முதல் வருஷம் நான் கட்டுவது 42 பெருக்கல் 12, ஆக 504 வெள்ளி. திரும்பக் கிடைக்கக்கூடியது: சுத்தம் இரண்டு முறை 160, பரிசோதனை இரண்டு முறை 80, ஒரு அடைப்பு 80. மொத்தம் 320. வேர் சிகிச்சைக்கு இன்னும் காத்திருப்பு. 184 வெள்ளி நட்டம்.

இரண்டாம் வருஷம் வேர் சிகிச்சைக்குப் பாதி, 475 கிடைக்கும். மற்றவையும் சேர்த்தால் 795. ஆனால் எனக்கு 65 வயதாகிவிடும், சந்தா 42இலிருந்து 58 ஆகும், வருஷத்துக்கு 696. இரண்டு வருஷம் சேர்த்துக் கட்டியது 1,200, வாங்கியது 1,115. அதுவும் வலிக்கிற பல்லை ஒரு வருஷம் பொத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தால்!

எல்லோருக்கும் கணக்கு இப்படி முடியாது. என் தங்கைக்கு 61 வயது, 28 பல் இருக்கிறது, நாலைந்து பழைய அடைப்பு. அவளுக்கு ஒரு திட்டம் லாபமாகவே வந்தது, ஏனென்றால் அவளுக்குத் தேவையானது அடைப்பும் சுத்தமும்தான், பேனல் கிளினிக்கும் வீட்டுக்கு எதிரே. வாயில் கட்டுப்பல்லே அதிகம் உள்ளவர்கள் அந்த 42 வெள்ளியை மாதாமாதம் தனிக் கணக்கில் போட்டு வைத்தால் நல்லது. மூன்று வருஷத்தில் 1,512 வெள்ளி இருக்கும், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

இம்ப்ளாண்ட், அதாவது தாடை எலும்பில் திருகிப் பொருத்தும் பல், பற்றி ஒரு வார்த்தை. எனக்கு ஒரு பல்லுக்கு 6,500 வெள்ளி சொன்னார்கள். நான் பார்த்த எந்தத் தனிநபர் திட்டமும் அதைத் தொடவில்லை. “இம்ப்ளாண்ட்டும் சேர்த்து” என்று யாராவது சொன்னால் அந்த வரியை விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

7. படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்

“இதெல்லாம் எழுத வேண்டாம் அங்கிள், ரிஜெக்ட் ஆயிடும்.” இப்படிச் சொல்லும் ஏஜெண்டிடம் எதையும் வாங்காதீர்கள். படிவத்தில் கேட்கும் கேள்விக்குக் கவனமாக, உண்மையாகப் பதில் சொல்வது நம் பொறுப்பு என்று 2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைச் சட்டம் சொல்கிறது. இனிப்பு நீரை மறைத்துவிட்டு ஈறு சிகிச்சைக்குக் கிளேய்ம் போட்டால், கிளினிக்கின் பழைய பதிவை வரவழைத்துப் பார்ப்பார்கள். அப்போது ஏஜெண்ட் பக்கத்தில் இருக்க மாட்டார், கையெழுத்து உங்களுடையது.

தேவைப்படும் ஆவணங்கள் அதிகமில்லை: அடையாள அட்டை நகல், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், சில நிறுவனங்களுக்குப் பல் டாக்டரின் பரிசோதனை அறிக்கை. முதல் படியில் எடுத்த எக்ஸ்ரேயின் நகலைக் கேட்டு வாங்கி வைத்திருந்தால் மறுபடி செலவில்லை.

பாலிசி கையில் வந்ததும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவக் காப்புறுதிக்கு, பாலிசி கிடைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம். உங்கள் பல் திட்டத்திலும் அந்த வரி இருக்கிறதா என்று முதல் நாளே தேடுங்கள். என் பாலிசி அலமாரியில் நாலு மாதம் பிரிக்காமல் கிடந்தது.

8. கிளேய்ம் போடும்போது ரசீதுதான் எல்லாம்

‘பல் சிகிச்சை – 950’ என்று ஒரே வரியில் எழுதிய ரசீது திரும்பி வரும். பல் எண், செய்த சிகிச்சை, தேதி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தொகை, டாக்டர் பெயர், கிளினிக் முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். கவுண்டரைவிட்டு வெளியே வரும் முன்பே சரிபாருங்கள், பிறகு போய்க் கேட்டால் “டாக்டர் லீவு, அடுத்த வாரம் வாங்க” என்பார்கள். என் திட்டத்தில் சிகிச்சை முடிந்து 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும். வேர் சிகிச்சை மூன்று வாரம் இழுக்கும் என்பதால், எந்த நாளிலிருந்து 30 என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய சிகிச்சை என்றால் செலவு மதிப்பீட்டை முதலிலேயே அனுப்பி, எவ்வளவு தருவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். நான் இதைச் செய்திருந்தால் ஜூலையிலேயே தெரிந்திருக்கும்.

டாக்டர் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து 200 வெள்ளிக்குச் செட்டு மாட்டும் ஆட்கள் நம் பக்கத்திலும் சுற்றுகிறார்கள். அவர்கள் ரசீதுக்கு எந்த நிறுவனமும் பணம் தராது, ஈறு புண்ணானால் அதையும் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். ஊருக்குப் போன சாக்கில் திருச்சியிலோ, தாய்லாந்தின் ஹட்யாய் போனபோதோ செய்துகொண்ட சிகிச்சைக்கும் நான் பார்த்த திட்டங்களில் இடமில்லை.

9. வருமான வரியில் எவ்வளவு கழியும்

இன்னும் வரி கட்டுபவர் என்றால், 2024ஆம் மதிப்பீட்டு ஆண்டிலிருந்து உங்கள் பல் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் 1,000 வெள்ளி வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். மருத்துவச் செலவுக்கான 10,000 வெள்ளிக் கழிவுக்குள் அது அடங்கும்.

பிள்ளைகள் உங்களுக்காகச் செலவு செய்தால் பெற்றோர் மருத்துவச் செலவுக்கான 8,000 வெள்ளிக் கழிவில் காட்டலாம். இங்கே ஒரு சங்கதி. பிடுங்குவது, அடைப்பது, சுத்தம் செய்வது மட்டும்தான் அதில் வரும். கிரவுன், வேர் சிகிச்சை, செட்டு வராது. சிகிச்சை மலேசியாவில் நடந்திருக்கவும் வேண்டும். என் மகன் 600 வெள்ளிச் செட்டைச் சேர்த்துக் கணக்குப் போட்டு, பிறகு எடுத்துவிட்டான். ரசீதுகளை 7 வருஷம் வைத்திருக்கச் சொல்கிறது வருமான வரி வாரியம். பிஸ்கட் டின் ஒன்று அதற்கென்றே ஒதுக்கிவிட்டோம். ரசீதுத் தாளில் எழுத்து மங்கிவிடும், கைப்பேசியில் படமும் எடுத்து வையுங்கள்.

10. மறுத்துவிட்டால்

மறுப்பை எழுத்தில் கேளுங்கள், எந்த விதியின் கீழ் என்ற எண்ணோடு. முதலில் அந்த நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுதுங்கள். அவர்களின் இறுதி முடிவும் சரியில்லை என்று பட்டால் நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவைக்குப் போகலாம். எஃப்எம்ஓஎஸ் என்பார்கள், 2025 ஜனவரி 1 முதல் இயங்குகிறது, முன்பு ஓஎஃப்எஸ் என்ற பெயரில் இருந்தது. நமக்குக் கட்டணம் கிடையாது. இறுதி முடிவுக் கடிதம் வந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும். எங்கே போவது என்றே புரியாவிட்டால் பேங்க் நெகாராவின் 1-300-88-5465 எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள்.

ஏஜெண்ட் வாயால் சொன்னது அங்கே எடுபடாது, வாட்சப்பில் எழுதியது எடுபடும். ஆகவே பேச்சு முடிந்ததும் “நீங்க சொன்னது இதுதானே தம்பி: செட்டு கவர் ஆகும், காத்திருப்பு இல்லை?” என்று ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். நான் புதிதாக விசாரித்த ஏஜெண்டுக்கு இப்படி அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் மறுநாள் வந்தது: “செட்டு மட்டும் இல்ல அங்கிள், மத்ததெல்லாம் ஓகே.”